மாடி அறை வெக்கை: கூரையிலிருந்து தொடங்குங்கள்

இரவு பத்து மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு மேற்குச் சுவரில் வையுங்கள். எது அதிகம் சுடுகிறதோ அங்கேதான் முதல் வேலை. பெரும்பாலும் அது கூரைதான். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் மெல்ல அறைக்குள் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்தாலும் உள்ளே புழுங்குவது இதனால்தான். ஃபேன் வியர்வையை உலர்த்தும், அறையைக் குளிர்விக்காது.

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு நல்ல பலன் தரும். பூச்சு வீணாவது அடித்தளம் சரியில்லாததால். பாசியும் பழைய சுண்ணாம்புப் பொருக்கும் இருக்க, மேலே அடித்தால் முதல் மழையிலேயே ஏடு ஏடாக உரியும். கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள். விரிசல்களைச் சற்று அகலமாகச் செதுக்கி அடைத்த பிறகே பூச்சு. முதல் கை நீளவாக்கில். அது காய்ந்ததும் இரண்டாம் கை குறுக்குவாக்கில். உச்சிவெயிலில் அடிக்காதீர்கள்: சுடும் தளத்தில் பூச்சு பிடிப்பதற்குள் மேலே ஏடு கட்டிவிடும். தூசி படிந்து வெண்மை மங்கினால் பலனும் குறையும். ஆகவே கோடைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் கழுவ வேண்டும்.

மர உத்தரத்தின் மேல் போட்ட தளமானால் குளிர்ச்சிக்காக அதில் தண்ணீர் தேக்காதீர்கள், மண் தொட்டிகளை ஏற்றாதீர்கள். கசிவில் உத்தரம் உளுத்துப்போகும். பாரம் தாங்குமா என்பதும் நிச்சயமில்லை.

ஓட்டுக் கூரையில் அலுமினியத் தாள் கட்டுவதானால் பளபளக்கும் பக்கத்துக்கு எதிரே 2 அல்லது 3 செ.மீ. காற்று இடைவெளி அவசியம். ஓட்டோடு ஒட்டிவிட்டால் அதுவும் சேர்ந்து சுடும். பரணில் வெப்பம் தடுக்கும் காப்புப் பஞ்சு விரிக்குமுன் பழைய வயர்களை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பஞ்சுக்கடியில் வயரின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகக்கூடும்.

மேற்கு சன்னலுக்குத் தட்டியை வெளிப்பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட சூட்டில் பெரும்பகுதியை அறையிலேயே விட்டுவிடும்.

மிச்சச் சூட்டை இரவில் விரட்ட வேண்டும். வெப்பமானி ஒன்றை உள்ளேயும், ஒன்றை வெளியே நிழலிலும் மாட்டுங்கள். வெளி அளவு உள் அளவைவிட இறங்கியதும் மாடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கீழ்த்தள சன்னல்களையும் படிக்கட்டுக் கதவையும் திறந்துவிடுங்கள். கீழ் சன்னலருகே மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது உள்நோக்கி ஆட வேண்டும். ஆடாவிட்டால் நடுவில் ஏதோ கதவு மூடியிருக்கிறது, அல்லது ஃபேன் வலு போதவில்லை. அடுப்பு எரியும்போது இந்த ஃபேன் வேண்டாம், புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். காலையில் வெளி அளவு உள் அளவை எட்டியதும் சன்னல்களை மூடிவிடுங்கள். அந்த நேரம் பலர் நினைப்பதைவிடச் சீக்கிரமே வந்துவிடும்.