தொலைதூரச் சரணாலயத்தில் தன்னார்வலர்களுடன் பறவைக் கணக்கெடுப்பு: திட்டமிடும் முறை

தொலைதூரக் காட்டுக்குள் தன்னார்வலர்களை அழைத்துச் சென்று பறவைகளைக் கணக்கெடுக்க விரும்புபவர், ஆட்களைத் திரட்டுவதற்கும் தேதி குறிப்பதற்கும் முன்பாக, எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ‘இந்தச் சரணாலயத்தில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன?’ என்பது ஒரு கேள்வி. ‘ஆற்றோரக் காட்டில் மரங்கொத்திகள் கூடிவருகின்றனவா, குறைந்துவருகின்றனவா?’ என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு, இதுவரை எவரும் போகாத மூலைகளையெல்லாம் தேடிப் போக வேண்டும். இரண்டாவதற்கோ, அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் ஆண்டுதோறும் எண்ண வேண்டும். இரண்டையும் ஒரே வார இறுதியில் முடித்துவிட நினைக்கும் குழு நீளமான பட்டியலோடு திரும்பும். ஆனால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பட்டியல் உதவாது.

ஒரு முறை, நாங்கள் கணக்கெடுக்கச் சென்ற சரணாலயத்தின் பழைய கணக்கெடுப்புக் கோப்பு ஒன்று எனக்குப் படிக்கக் கிடைத்தது. பறவைகளின் பெயர்கள் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தப் பாதையில் நடந்தார்கள் என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. அதில் இருந்த சில பறவைகளை நாங்கள் காணவில்லை; அவை அங்கிருந்து மறைந்துவிட்டனவா, அல்லது அவை வாழும் பக்கம் நாங்கள் போகவே இல்லையா என்பதை அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. பத்தாண்டுகள் கழித்து, நம்மை அறியாத ஒரு குழு நம்முடைய தாள்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதே கணக்கெடுப்பை மறுபடியும் செய்ய முடிய வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இனி நான் சொல்லும் ஒவ்வொன்றும் அந்த எண்ணத்திலிருந்து வருவதே.

அனுமதிக்கான கடிதத்தைச் சில மாதங்கள் முன்பாகவே சரணாலய நிர்வாகத்திடம் கொடுத்துவிடுவது நல்லது. கணக்கெடுப்பின் நோக்கம், நாட்கள், பங்கேற்பவர்களின் பெயர்ப்பட்டியல், போக விரும்பும் பகுதிகள், தரவு யாரிடம் இருக்கும், அறிக்கை எப்போது ஒப்படைக்கப்படும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு, மேலதிகாரியோடு பேசியதோடு நின்றுவிடாமல், அந்தக் காட்டில் நாள்தோறும் நடக்கும் காவலர்களோடு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், பெரிய விலங்குகள் விடியற்காலையில் எந்தத் தடத்தைக் கடக்கும், எந்தச் சரிவில் மழைக்குப் பின் கால் வைக்க முடியாது என்பதையெல்லாம் எந்த வரைபடமும் காட்டாது. கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் அவர்களுடைய வழக்கமான ரோந்து தடைபடாதபடி தேதிகளை அவர்களோடு சேர்ந்தே முடிவு செய்வது மரியாதையும்கூட.

பருவத்தைக் கேள்விதான் தீர்மானிக்கிறது. காட்டிலேயே தங்கிக் கூடுகட்டும் பறவைகளை அறிய வேண்டுமானால், அவை பாடி எல்லை காக்கும் இனப்பெருக்கக் காலமே சிறந்தது. வலசை வரும் பறவைகளை அறிய வேண்டுமானால், அவை வந்து நிலைகொண்ட பிறகு போக வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே வாரத்தை விட்டு நகராதீர்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் 1900-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை பயன்படுவதற்கு, ஆண்டின் அதே நாட்களிலும் மாறாத எல்லைக்குள்ளும் எண்ணுகிற அந்தப் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது முறை. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நடந்து எண்ணும் டிரான்செக்ட் முறை, புல்வெளியும் திறந்த காடும் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். அடர்ந்த காட்டில் நடப்பவரின் காலடியோசையே பாதிப் பறவைகளை அடக்கிவிடும் என்பதால், ஓரிடத்தில் நின்று எண்ணும் பாயின்ட் கவுன்ட் முறையை நான் பரிந்துரைக்கிறேன். இதில், முன்கூட்டியே குறித்துவைத்த புள்ளிக்குச் சென்று, பறவைகள் அமைதியடைய இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு பத்து நிமிடம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பதிய வேண்டும். ஒரே பறவையை இரண்டு புள்ளிகளில் எண்ணிவிடாதிருக்க, அடர்காட்டில் புள்ளிகளுக்கு இடையே 250 மீட்டராவது இருக்கட்டும். பார்வையும் ஒலியும் வெகுதூரம் செல்லும் திறந்த வெளியில் இடைவெளி இன்னும் கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு பறவையும் 25 மீட்டருக்குள் இருந்ததா, 50-க்குள்ளா, 100-க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்று எழுதிவைத்தால், தொலைவு கூடக்கூட எத்தனை பறவைகள் நம் கவனத்துக்குத் தப்புகின்றன என்பதைப் பின்னர் கணக்கிட முடியும். இறங்காமல் மேலே பறந்து கடந்தவற்றைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

இந்த எண்களை வைத்தே பணியின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். காத்திருப்பும் எண்ணுதலும் பன்னிரண்டு நிமிடம். கரடான தரையில் அடுத்த புள்ளிக்கு நடக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். ஆக ஒரு புள்ளிக்கு 25 நிமிடம். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் முதல் மூன்றரை மணி நேரத்தில் ஒரு குழு எட்டுப் புள்ளிகளை முடிக்கும். நான்கு குழுக்கள் இரண்டு காலை வேலை செய்தால் அறுபத்து நான்கு புள்ளிகள். இதற்கு மேல் ஆசைப்படுகிற திட்டம் காட்டில் நிற்காது. புதிய இடங்களுக்குப் போகாமல் முதல் நாளின் புள்ளிகளையே இரண்டாம் நாளும் எண்ண முடிவு செய்தால், புள்ளிகள் முப்பத்திரண்டாகக் குறையும்; ஆனால் வரிசையைத் திருப்பி நடக்கலாம், கடைசிப் புள்ளிக்கு எப்போதும் வெயில் ஏறிய நேரமே வாய்க்கும் குறை நீங்கும். குழுக்களையும் தடம் மாற்றி அனுப்புங்கள்.

குழுவினரின் திறமை ஏற்றத்தாழ்வாக இருந்தாலோ, புள்ளிகளை முன்கூட்டிக் குறிக்க முடியாத அளவுக்கு நிலம் அறியப்படாததாக இருந்தாலோ, மெக்கின்னன் பட்டியல் முறை கைகொடுக்கும். பார்க்கும் பறவை இனங்களை வரிசையாக எழுதி, பத்து வெவ்வேறு இனங்கள் சேர்ந்ததும் அந்தப் பட்டியலை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். மொத்தப் பட்டியல்களில் எத்தனையில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்பது அது எவ்வளவு பரவலாகத் தென்படுகிறது என்பதற்குத் தோராயமான அளவாகிறது. மெதுவாகப் பார்ப்பவரும் விரைவாகப் பார்ப்பவரும் ஒரே நீளப் பட்டியலைத்தான் நிரப்புகிறார்கள் என்பதே இம்முறையின் பலம்.

புள்ளிகளைப் பறவைகள் நிறைய இருக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த ஆசையை அடக்குவது எளிதல்ல. சரணாலயத்தின் வரைபடத்தில் ஆற்றோரம், உயர்நிலம், புதர்க்காடு, புல்வெளி என வாழிடங்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்புக்கு ஏற்ப எண்ணிக்கையை ஒதுக்கி, பிறகு கட்டங்கள் போட்டுக் குலுக்கல் முறையில் புள்ளிகளை எடுங்கள். ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் வறண்ட சரிவிலும் ஒரு குழு பத்து நிமிடம் நின்றாக வேண்டும். அங்கே பதியப்படும் வெறுமையும் தரவுதான். அதன் பிறகு, அனுபவமுள்ள இரண்டு பேரும் ஒரு காவலரும் நேரில் சென்று எல்லாத் தடங்களையும் நடந்து பார்த்து, போக முடியாத புள்ளிகளை மாற்றி, மாற்றிய காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

ஒரு குழுவுக்கு மூன்று தன்னார்வலர்களும் ஒரு காவலரும் போதும். ஒருவர் எண்ணுபவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் நேரத்தையும் வழியையும் பார்ப்பவர். ஆறு கண்கள் எண்ணிய புள்ளியையும் இரண்டு கண்கள் எண்ணிய புள்ளியையும் ஒப்பிட முடியாது என்பதால், எண்ணுபவர் ஒருவர்தான். மற்றவர்கள் மட்டும் கண்ட பறவையைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுத வேண்டும். எண்ணுபவரைப் பெயர் பெற்றவர் என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் காட்டின் குரல்களை அறிந்தவராக அவர் இருக்க வேண்டும், ஏனெனில் அடர்காட்டில் பெரும்பாலான பதிவுகள் காதின் வழியாகவே வருகின்றன. வயது ஏற ஏற மிக உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் மெல்லிய குரல்கள் கேட்காமல் போவது இயல்பு. அத்தகையவரோடு இளம் காது ஒன்றைச் சேர்த்து அனுப்புவதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. நெடுங்காலக் கணக்கெடுப்புகளில், ஒருவர் ஒரு தடத்தில் எண்ணும் முதல் ஆண்டில் எண்ணிக்கை குறைவாகவே வரும் போக்கு காணப்பட்டிருக்கிறது. அதனால் புதியவர்கள் முதல் முறை எழுதுபவராகவும், அடுத்த முறை எண்ணுபவராகவும் வருவது தரவுக்கும் அவர்களுக்கும் நல்லது.

கணக்கெடுப்புக்கு முந்தைய நாள் முழுவதையும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தொலைவை மதிப்பிடும் பயிற்சியே அதில் முதன்மையானது. ஒரு மரத்தைக் காட்டி எல்லோரையும் ரகசியமாகத் தொலைவை எழுதச் சொல்லி, பிறகு நாடாவால் அளந்து பாருங்கள். 40 மீட்டரில் நிற்கும் மரத்துக்கு 20 என்றும் 70 என்றும் எழுதப்பட்ட தாள்கள் அருகருகே கிடக்கும்போது, பயிற்சி எதற்கு என்று எவரும் கேட்கமாட்டார்கள். எண்ணும் நேரத்தில் பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கச் செய்து அழைக்கக் கூடாது என்பதையும் அன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது எண்ணிக்கையையும் கெடுக்கும், கூடு காக்கும் பறவையையும் அலைக்கழிக்கும். மெர்லின் போன்ற செயலி ஒரு குரலுக்குப் பெயர் சொன்னால் அதைத் துப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். எண்ணுபவர் தாமே உறுதி செய்யாத பெயர் தாளில் ஏறக் கூடாது.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டி அட்டையில் கிளிப் மாட்டி, பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பனியிலேயே கரையும். தாளின் தலைப்பில் புள்ளியின் எண், தேதி, 24 மணி நேர முறையில் தொடக்க நேரமும் முடிவு நேரமும், எண்ணியவர், எழுதியவர், மேகம், காற்று, மழை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கட்டும். காற்றை அளக்கக் கருவி தேவையில்லை. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் அது, காற்றின் வேகத்தைக் கண்ணால் கண்டே குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 3. தரையில் தூசி கிளம்பி, சிறு கிளைகளே ஆடத் தொடங்கினால் 4, அப்போது எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். அமைவிடத்தைத் தசமப் பாகைகளில் ஐந்து தசம இடங்கள் வரை எழுதுங்கள்; நிலநடுக்கோட்டில் ஐந்தாவது இடம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கிறது. அடையாளம் தெரியாத பறவையை ‘தெரியாத கதிர்க்குருவி’ என்றே எழுதலாம். ஊகித்து எழுதிய பெயரை யாராலும் பின்னர் கண்டுபிடித்து நீக்க முடியாது.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. கைப்பேசிச் சிக்னல் இல்லாத இடம் என்றே வைத்துத் திட்டமிடுங்கள்: வரைபடங்களை முன்பே கைப்பேசியில் இறக்கிவைத்து, அச்சிட்ட பிரதி ஒன்றையும், குழுவுக்கு ஒரு வாக்கி டாக்கியும் கொடுங்கள். முகாமில் ஒருவர் கணக்கெடுக்கப் போகாமல் பலகையில் ஒவ்வொரு குழுவும் புறப்பட்ட நேரத்தையும் திரும்ப வேண்டிய நேரத்தையும் எழுதிக் காத்திருக்க வேண்டும்; குறித்த நேரம் தாண்டி எத்தனை நிமிடத்தில் தேடல் தொடங்கும் என்பதும் அந்தப் பலகையிலேயே இருக்கட்டும். ஒரு வாகனமும் ஓட்டுநரும் எப்போதும் முகாமில் இருக்க வேண்டும். பாம்புக்கடி சிகிச்சை உள்ள மருத்துவமனை எது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை முன்பே விசாரித்து வையுங்கள். கடிபட்டவரின் கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து விரைந்து கொண்டுசெல்வதே முதலுதவி. இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கானவை. பெரிய விலங்கு தென்பட்டால் காவலர் சொல்வதே முடிவு, எண்ணி முடிக்க இன்னும் ஒரு நிமிடம்தான் மீதி இருந்தாலும்கூட. விடுபட்ட புள்ளியை ‘விலங்கு நடமாட்டத்தால் கைவிடப்பட்டது’ என்று எழுதினால் போதும்.

மாலையில் எல்லாக் குழுக்களும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு தாளையும் எழுதியவரே உரக்கப் படிக்க வேண்டும். களைப்பில் இதை மறுநாளைக்குத் தள்ளிவைக்கத் தோன்றும், தள்ளிவைக்காதீர்கள். காலையில் கேட்ட குரல் மாலைவரைதான் நினைவில் தெளிவாக இருக்கும். துடுப்புவால் கரிச்சான் வாழும் காடாக இருந்தால், கண்ணால் காணாமல் குரலால் மட்டும் பதிந்த பருந்துகளை இந்த நேரத்தில் மறுபடி விசாரியுங்கள்: அந்தக் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அச்சு அசலாக ஒலிக்க வல்லது. சந்தேகம் தீராதவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு, கேட்டது என்ன, எங்கிருந்து, எத்தனை முறை என்று ஓரிரு வரிகள் எழுதிவைக்க வேண்டும். படித்து முடித்த தாள்களை அன்றிரவே படமெடுத்து, இரண்டு வெவ்வேறு கருவிகளில் சேமியுங்கள்.

ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் தரவைக் கணினியில் ஏற்றி, ஒருவர் ஏற்றியதை மற்றொருவர் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டிவைக்க கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்ட் இணையதளத்தில் ஒவ்வொரு புள்ளியையும் தனிப் பட்டியலாகச் சேர்த்து, கண்ட பறவைகள் அனைத்தையும் பதிந்த முழுமையான பட்டியல் என்று குறிப்பிட்டால், பதியப்படாத இனங்களுக்கும், அவை அப்போது அங்கே தென்படவில்லை என்ற பொருள் கிடைக்கும். வேட்டைக்கோ கடத்தலுக்கோ இலக்காகும் பறவைகளின் கூடுகளும் அடையுமிடங்களும் பொதுவெளிக்கு வரக் கூடாது; அவற்றைச் சரணாலய நிர்வாகத்திடம் மட்டும் தனித்தாளில் கொடுங்கள். அறிக்கையின் சுருக்கத்தை, அந்தக் காவலர்கள் படிக்கும் மொழியில், காட்டுக்குள் அவர்கள் தங்கும் முகாமுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒருங்கிணைப்பாளரின் கடமை.

அறிக்கையோடு இன்னொரு கோப்பும் சரணாலயத்தில் தங்க வேண்டும். அதில் புள்ளிகளின் அமைவிடப் பட்டியல், தடங்களின் வரைபடம், நிரப்பாத படிவம், பயிற்சியில் சொன்ன விதிகள், ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நான்கு திசைகளையும் நோக்கி எடுத்த படங்கள் ஆகியவை இருக்கட்டும். படங்களின் பின்புறத்தில் புள்ளியின் எண்ணையும் திசையையும் எடுத்த தேதியையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.