பைக்குக்கு டயர் மாற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி அப்பாச்சி ஆர்டிஆர் 200-ஐக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தி, "அண்ணா, பின்னாடி 150 போட்டுடலாம், பார்க்க செமயா இருக்கும்" என்றான். அந்த வண்டிக்குப் பின்னாடி கம்பெனி கொடுத்தது 130/70-17, அதாவது 130 மில்லிமீட்டர் அகலம், 17 அங்குல ரிம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆசையோடு நானும் ஒரு டயர் கடையில் நின்றேன், வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. இந்த வருஷம் மட்டும் இப்படிக் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. மொட்டை டயரில் ஓட்டாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்று நம்புவது

எனக்கு ஊர் நாமக்கல். லாரி ஊர் என்பதால் டயரைப் பற்றிப் பேச இங்கே ஆள் பஞ்சமே இல்லை. என் மாமாவும் லாரி வைத்திருந்தவர்தான். "டயர் அகலமா இருந்தா ரோட்டை நல்லாக் கவ்வும் மாப்ள" என்றார், நானும் நம்பினேன். லாரியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் தப்பில்லை. லாரி நிமிர்ந்தபடியே திரும்புகிற வண்டி, அதன் டயர் முகம் தட்டையானது, எந்த வளைவிலும் அந்த முகம் தரையில் படிந்தே இருக்கும். பைக் அப்படி இல்லை, சாய்ந்தால்தான் திரும்பும். அதனால்தான் பைக் டயரின் முகத்தை நடுவிலிருந்து ஓரம் வரை வளைவாக வார்க்கிறார்கள், அந்த வளைவு சரியான உருவத்தில் நிற்பது ரிம்மின் அகலத்தைப் பொறுத்தது.

என்னிடம் இருந்தது முதல் தலைமுறை யமஹா ஆர்15. பின்னாடி 100/80-17. அதைக் கழற்றிவிட்டு 130/70-17 ஏற்றினேன். ரிம்மை மாற்றவில்லை. கடைக்காரர் காற்றடித்து ஏற்றிவிட்டார், டயரின் உள்விளிம்பும் (பீட்) சத்தத்தோடு ரிம்மில் உட்கார்ந்தது, பின்னாலிருந்து பார்த்தால் பெரிய வண்டி மாதிரி இருந்தது. ஆனால் குறுகலான ரிம் அந்த டயரின் இரண்டு பக்கங்களையும் உள்ளே இழுத்துப் பிடித்ததில், நடுமுகம் முதுகு மாதிரி கூம்பி நின்றது. அதை நான் கவனிக்கவே இல்லை. நேராக ஓட்டும்போது தரையில் பட்டது அந்த முதுகு மட்டும்தான், அதாவது காசு கொடுத்து அகலத்தை வாங்கிவிட்டு முன்பைவிட ஒடுக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தேன்.

உயரக் கணக்கையும் பாருங்கள். 100/80 என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 80 சதவீதம், ஆக 80 மில்லிமீட்டர். 130/70-இல் அது 91. சக்கரத்தின் விட்டம் 22 மில்லிமீட்டர் கூடிவிட்டது, ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அதிகம் நகர வேண்டும். 150 சிசி எஞ்சினுக்கு இது சாதாரண விஷயம் இல்லை, ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்த இடத்திலெல்லாம் இரண்டாவது கேட்க ஆரம்பித்தது.

அப்புறம் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்தேன், முதலில் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது, கொஞ்சம் அழுத்தினதும் அந்த முதுகைத் தாண்டிப் பொத்தென்று சரிந்தது. பயத்தில் நிமிர்த்திவிட்டேன், வண்டி எதிர்ப்பக்கத் தடத்துக்குப் போய்விட்டது. பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த டிரைவர் எனக்கு முன்பே பிரேக்கை மிதித்திருந்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வேலை செய்தேன், இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்வது. சாக்பீஸை எடுத்து டயர் முகத்தின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு பட்டையாகக் கோடு போட்டேன். மறுவாரம் அதே மலைக்குப் போய் வந்து பார்த்தால், நடுவில் சுத்தமாக அழிந்திருக்கிறது, இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை அப்படியே இருக்கிறது. எழுபது வளைவுக்கும் தரையைத் தொடாத ரப்பர் அது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருந்தேன், பழைய அளவுக்குத் திரும்ப இன்னொரு டயரும் வாங்கினேன்.

அந்தத் தம்பிக்கு ஒரு வாதம் இருந்தது: "130/70-க்கு 91, 150/60-க்கு 90, உயரம் ஒண்ணுதானே அண்ணா?" கணக்கு சரிதான். ஆனால் 150/60-ஐ ஒழுங்கான உருவத்தில் பிடிப்பது 4 அங்குல ரிம், டியூக் 390-இன் பின்சக்கரத்தில் இருப்பது அதுதான். இவனுடையது 130-க்கு வார்த்த ரிம். உங்கள் ரிம்மிலேயே 17 x MT என்று ஆரம்பித்து அகலம் எழுதியிருக்கும், குனிந்து தேடுங்கள். ஒவ்வொரு டயருக்கும் எந்த ரிம் அகலம் என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். ரிம்முக்குள் பொருந்தினாலும், டயர் அகலமாக அகலமாக அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பந்தய ரப்பரை ரோட்டுக்கு வாங்குவது

டிராக் டயர் பிடிப்பது சூட்டில். சுற்றுக்குச் சுற்று ஓட்டி அந்தச் சூட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் சிக்னலில் நின்று, டீக் கடையில் நின்று, அப்புறம் மழையில் வீட்டுக்குப் போகிறவர். அந்தச் சூடு உங்களுக்கு வராது, தண்ணீரை வெளியே தள்ளப் போதுமான காடியும் அந்த டயரில் இருக்காது. சாலைக்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் டூரிங் வகையே போதும். அப்பாச்சி ஆர்ஆர்310-க்குக் கம்பெனியே மிஷலின் ரோடு 5 போட்டுக் கொடுத்தது, அது அந்த வகைதான்.

தேதி பார்க்காமல் வாங்குவது

பக்கச் சுவரில் DOT என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த தேதி. 2323 என்றால் 2023-இன் 23-வது வாரம். தள்ளுபடி என்றால் முதலில் அங்கே பாருங்கள். நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிற டயர், பட்டன் (முகத்தில் இருக்கிற ரப்பர் கட்டைகள்) முழுசாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முன்னாடி ஒரு ஜாதி, பின்னாடி ஒரு ஜாதி

டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கை வைத்து இரண்டு வகை உண்டு: அளவில் 17-க்கு முன்னால் R இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் பயஸ். கம்பெனியே அப்படிக் கொடுத்திருந்தால் தவிர, இரண்டையும் நீங்களாகக் கலக்காதீர்கள். பின் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று அதை மட்டும் இரண்டு தடவை மாற்றிவிட்டு, காய்ந்துபோன முன் டயரோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பங்கு வந்து நிற்பது முன்னாடி.

காற்று

பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். காலையில், டயர் சூடாகும் முன். பக்கச் சுவரில் இருப்பது உச்ச அளவு, அதை அடிக்காதீர்கள்.

அம்புக்குறி

பக்கச் சுவரில் இருக்கும் அம்பு, டயர் உருள வேண்டிய திசை. அது சரியாக இருக்கிறதா என்று மாட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

புது டயரோடு அன்றைக்கே மலைக்குப் போவது

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தம்பியிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். 130/70 ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். அவன் கேட்காமலேயே சாக்பீஸ் கோடு போட்டுக் கொடுப்பேன்.