ஒரே ஒரு சிப்பி போதுமா? ஸ்காலப் புதைபடிவத்துக்குப் பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெல் பெட்ரோல் பங்கின் மஞ்சள் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்காலப் என்ற சிப்பியின் ஓடு. விசிறி போல விரிந்திருக்கும். உச்சியிலிருந்து விளிம்பு வரை மேடான வரிகள் ஓடும். சின்னத்தில் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அசல் சிப்பியில் உச்சிக்கு இரு பக்கமும் முக்கோணமாக இரண்டு காதுகள் உண்டு. இந்தக் காதுகள் பின்னால் ரொம்பவே தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் இப்படி ஒரு ஓடு பேப்பர் வெயிட்டாகக் கிடக்கிறது. நண்பர் ஒருவர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆற்றங்கரை மணலில் பொறுக்கியது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, வெளிறிய சாம்பல் நிறம். செசபெக்டன் என்ற பேரினம், பூண்டோடு அழிந்துபோனது. அதில் செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ் என்ற சிற்றினம் பிரபலமானது. 1993 முதல் அதுதான் வர்ஜீனியாவின் மாநிலப் புதைபடிவம். என்னுடையதும் அதுதானா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அன்று செய்யத் தெரிந்த தவறுகளை எல்லாம் வரிசையாகச் செய்தேன்.

வரிகளை எண்ணிவிட்டு எழுந்துவிடுவது

ஜெஃபர்சோனியஸுக்கு 9 முதல் 12 வரிகள். நெருங்கிய சொந்தமான மாடிசோனியஸுக்கு அதைவிடக் கூடுதல். செப்டெனாரியஸ் என்ற இன்னொன்றுக்குப் பெயரிலேயே ஏழு இருக்கிறது. ஆக, எண்ணினால் முடிந்தது என்று தோன்றும்.

எண்ணினேன். முதல் தடவை 10. டீ குடித்துவிட்டு வந்து எண்ணியபோது 12. சிப்பி மாறவில்லை, நான் எண்ணிய விதம் மாறியிருந்தது. நடுவில் உள்ள வரிகளில் சந்தேகமே இல்லை, விரல் வைத்தால் தெரியும். சிக்கல் இரண்டு ஓரங்களிலும்தான். காதை நெருங்க நெருங்க வரி தணிந்து, கடைசியில் ஒரு லேசான மேடாக மங்கிவிடுகிறது. அதை வரி என்பதா, வேண்டாமா? முதல் தடவை விட்டுவிட்டேன், இரண்டாம் தடவை சேர்த்துக்கொண்டேன்.

சேர்ப்பது, விடுவது இரண்டுமே தவறில்லை. எப்படி எண்ணினோம் என்று எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் கொடுப்பதுதான் தவறு. ஓர வரிகளைச் சேர்த்தீர்களா, வரிகளுக்கு நடுவே ஓடும் மெல்லிய இழைகளை என்ன செய்தீர்கள் என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அப்புறம், 12 வந்தால் அது ஜெஃபர்சோனியஸின் மேல் எல்லையா, மாடிசோனியஸின் கீழ் எல்லையா என்று எண்ணிக்கை மட்டும் சொல்லாது. வரியின் குறுக்குவெட்டு சதுரமா உருண்டையா, வரி அகலமா பள்ளம் அகலமா என்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

வலது இடது பார்க்காமல் விவரிப்பது

ஸ்காலப்புக்கு இரண்டு ஓடுகள், இரண்டும் அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. கடலடியில் வலது ஓடு கீழே, இடது ஓடு மேலே இருக்கும்படி படுத்திருக்கும். இன்றும் வாழும் பெக்டன் பேரினத்தில் வலது ஓடு கிண்ணம் போலக் குவிந்திருக்கும், இடது ஓடு மூடி போலத் தட்டையாக இருக்கும். தனித்தனியாகக் கிடைத்தால் இரண்டு வெவ்வேறு சிப்பிகள் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. உச்சி மேலே இருக்கும்படி, வெளிப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி ஓட்டைப் பிடியுங்கள். ஒரு காதுக்கு அடியில் உள்நோக்கி ஒரு வெட்டு இருக்கிறதா? அந்தக் காது உங்கள் வலது கைப் பக்கம் இருந்தால் அது வலது ஓடு. சிப்பி பாறையிலோ வேறு ஓட்டிலோ ஒட்டிக்கொள்ள நார் விடும். அந்த நார் வெளியே வரும் வழிதான் இந்த வெட்டு. இடது ஓட்டில் அப்படி ஆழமான வெட்டு இருக்காது.

இதைப் பார்க்காமல் ஒருவருடைய வலது ஓட்டையும் இன்னொருவருடைய இடது ஓட்டையும் ஒப்பிட்டால், வருகிற வித்தியாசம் சிற்றினத்தின் வித்தியாசமே அல்ல. அளவுகளிலும் ஒரு குழப்பம் உண்டு: உச்சியிலிருந்து எதிர் விளிம்பு வரை உள்ளது உயரம், முன்பின்னாக அளப்பது நீளம். மேசையில் கிடக்கிற சிப்பியைப் பார்த்து உயரத்தை நீளம் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

குட்டியையும் தாத்தாவையும் வேறு இனமாக்குவது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. ஒரு சிப்பி வளர வளர அதன் வடிவமே மாறும். உச்சியில் இரு பக்கக் கோடுகளும் சேரும் கோணம் அகலும், ஓடு தடிக்கும். இளமையில் நாரால் ஒட்டிக்கொண்டிருந்தது, பெரிதானதும் நாரை விட்டுவிட்டு மணலில் படுத்துக்கிடக்கலாம். அப்போது காதுக்கு அடியில் உள்ள வெட்டும் ஆழம் குறைந்து தெரியும். மூன்று சென்டிமீட்டர் சிப்பியின் வெட்டையும் பன்னிரண்டு சென்டிமீட்டர் சிப்பியின் வெட்டையும் பக்கத்தில் வைத்து ‘வேறு இனம்’ என்றால், பேரனையும் தாத்தாவையும் பார்த்து வேறு ஜாதி மனிதர்கள் என்று சொன்ன மாதிரிதான்.

செசபெக்டனில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மயோசீன் என்ற புவியியல் காலத்துப் பழைய சிற்றினங்களிலிருந்து அதற்கு அடுத்த பிளையோசீன் காலத்துப் புதியவை வரை வரிசையாகப் பார்த்தால், பரம்பரை நெடுகவே அந்த வெட்டின் ஆழம் குறைந்துகொண்டு வருகிறது. அதாவது ஒரு சிப்பியின் ஆயுளில் நடப்பதும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பதும் ஒரே திசையில் போகின்றன. 1982இல் மியாசாகி, மிக்கெவிச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தப் பேரினத்தை எடுத்துக்கொண்டு வளர்ச்சியையும் பரிணாமத்தையும் சேர்த்து ஆராய்ந்தது இதனால்தான். இங்கே வயதைக் கணக்கில் எடுக்காமல் அளந்தால், வளர்ந்த பழைய சிப்பியும் வளராத புதிய சிப்பியும் ஒன்று போலவே தெரியலாம்.

தப்பிக்க ஒரு வழி ஓட்டிலேயே இருக்கிறது. ஓடு உச்சியிலிருந்து விளிம்பை நோக்கித்தான் வளரும், பழைய பகுதி அழிவதில்லை. வளர்ச்சிக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு பெரிய சிப்பியின் மூன்று சென்டிமீட்டர் பருவத்தை அதன் மேலேயே பார்க்கலாம். அந்த அளவில் ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புதுச் சிற்றினம் அறிவிக்கும் ஆசையும் இங்கேதான் ஆபத்தாகிறது. விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் விதிகள் அதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒரே கடலில், ஒரே காலத்தில் வாழும் சிப்பிகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று தெரியாமல் ‘இது வேறு’ என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தாமஸ் வாலர் 1969இல் ஆர்கோபெக்டன் என்ற பேரினத்தைப் பற்றி எழுதியபோது, புதைபடிவங்களோடு நிறுத்தாமல் இன்று வாழும் சிப்பிகளையும் சேர்த்து ஆராய்ந்தார். செசபெக்டனுக்கு அந்த வசதி இல்லை, வாழும் சிற்றினம் ஒன்றுகூட மிச்சமில்லை. அதனால் ஒரே படிவிலிருந்து எத்தனை ஓடு கிடைக்குமோ அத்தனையையும் அளந்து, எத்தனை அளந்தோம், சிறியது எவ்வளவு, பெரியது எவ்வளவு என்று கொடுக்க வேண்டியதுதான்.

தேய்மானத்தை அடையாளமாக எடுத்துக்கொள்வது

‘வரிகள் வழவழப்பானவை’ என்று எழுதும் முன், அலை உருட்டித் தேய்த்த ஓடா என்று பாருங்கள். செதில்கள்தான் முதலில் போகும். பெரிய ஓடுகளில் கடற்பஞ்சு துளைத்த ஓட்டைகளும், ஒட்டி வளர்ந்த கொட்டலசுகளும் சாதாரணம். அவை சிப்பியின் அலங்காரம் அல்ல. உள்பக்கமும் ஏமாற்றும். ஸ்காலப் ஓட்டின் பெரும்பகுதி கால்சைட் என்ற கனிமம், அது கெட்டி. பல ஸ்காலப்களில் உள்ளே அரகோனைட் என்ற இன்னொரு கனிமத்தின் அடுக்கும் உண்டு, அது நிலத்தடியில் எளிதில் கரைந்துவிடும். கரைந்துபோன உள்பக்கத்தைப் பார்த்துத் தசைத் தழும்பு ‘ஆழமற்றது’ என்று எழுதினால் சிப்பியை அல்ல, நிலத்தடி நீரைத்தான் விவரித்திருக்கிறோம்.

விசிறி வடிவம் எல்லாம் பெக்டன் என்பது

1824இல் அமெரிக்க இயற்கையாளர் தாமஸ் சே நான்கு புதைபடிவ ஸ்காலப்களுக்குப் பெயர் வைத்தார்: ஜெஃபர்சோனியஸ், மாடிசோனியஸ், செப்டெனாரியஸ், கிளின்டோனியஸ். ஜெஃபர்சன், மாடிசன் இருவருமே அப்போது உயிரோடு இருந்த முன்னாள் ஜனாதிபதிகள். நான்கையும் சே பெக்டன் பேரினத்தில்தான் போட்டார். அந்தக் காலத்துக்கு அது சரி. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இல் ஸ்காலப்களை ஆஸ்ட்ரேயா (Ostrea) என்ற ஆளிச் சிப்பிப் பேரினத்திலேயே வைத்திருந்தாரே! இன்று முதல் மூன்றும் செசபெக்டன். 1975இல் வார்டு, பிளாக்வெல்டர் இருவரும் செசபீக் விரிகுடாவை வைத்து உண்டாக்கிய பேரினம் அது. மெல்லிய கோடுகள் மட்டும் கொண்ட கிளின்டோனியஸ் பிளாகோபெக்டனுக்குப் போய்விட்டது. அதன் வாழும் சொந்தம் இன்றும் வட அட்லாண்டிக்கில் பிடிபட்டுத் தட்டுக்கு வருகிறது.

வாழ்க்கை முறை ஒன்றானால் வடிவமும் ஒன்றாகிவிடும் என்பதுதான் இதில் உள்ள பொறி. தூரமாகச் சறுக்கி நீந்தும் ஸ்காலப்கள் மெலிந்து வழவழப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சொந்தத்தைத் தேட வேண்டிய இடம் காதும், இரண்டு ஓடும் சேரும் கீலும்.

வலது ஓட்டின் அந்த வெட்டின் ஓரத்தில் சீப்புப் பல் போல நுண்ணிய பற்களின் வரிசை இருக்கும், டீனோலியம் என்பார்கள். இந்தக் குடும்பத்தின் முக்கிய அடையாளம் அதுதான். வளர்ந்த சிப்பியில் காணோம் என்றதும் குடும்பத்தை விட்டுத் தள்ளிவைத்துவிடாதீர்கள். சிலவற்றில் அது இளமையில் இருந்து பிறகு மறைந்துவிடும். லென்ஸை எடுத்து வெட்டின் பழைய பகுதியைப் பாருங்கள்.

பெயரில் கைவைப்பது

ஜெஃபர்சோனியஸின் படத்தை முதலில் வெளியிட்டவர் ஆங்கிலேய இயற்கையாளர் மார்ட்டின் லிஸ்டர், 1687இல். வட அமெரிக்கப் புதைபடிவங்களில் முதலில் அச்சேறிய படம் அதுதான் என்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்டவை உயிரினத்தின் மிச்சம் அல்ல, சிப்பி போல வடிவெடுத்த கல் என்று எழுதியவர் அவர். எப்படியிருந்தாலும் பெயரில் அவருக்கு இடமில்லை, விலங்குப் பெயர்களின் கணக்கு லின்னேயஸின் அந்த 1758இல்தான் தொடங்குகிறது.

சரியாக எழுதினால் செசபெக்டன் ஜெஃபர்சோனியஸ் (சே, 1824). சேயின் பெயர் அடைப்புக்குறிக்குள் போவதற்குக் காரணம், அவர் வைத்த பேரினம் மாறிவிட்டது. பேரினம் மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி கூடாது. இலக்கணம் பார்த்து ‘ஜெஃபர்சோனி’ என்று திருத்தவும் யாருக்கும் உரிமை இல்லை.

புதுப் பெயர் வைப்பதானால், 2000 முதல் ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டால் அடுத்தவர் எதைப் பார்த்துச் சரிபார்ப்பார்? அதற்கும் முன்னால், பழைய நூல்களைத் துருவ வேண்டும். அரியலூர்ப் பக்கம் கிரெட்டேசியஸ் என்ற டைனோசர் காலத்துச் சிப்பி கிடைத்தவர் 1871இல் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா எழுதிய தென்னிந்தியச் சிப்பிகள் நூலைப் புரட்டாமல் ‘புதுசு’ என்று வாய் திறக்கக் கூடாது. அவர் வைத்த பேரினப் பெயர்கள் பல இன்று மாறிவிட்டன என்பதால் வெறும் பெயரைத் தேடினால் போதாது, படத்தட்டுகளையே பார்க்க வேண்டும்.

எங்கே கிடைத்தது என்று எழுதாமல் விடுவது

வர்ஜீனியாவின் யார்க்டவுன் என்ற படிவு அடுக்குத் தொகுதியில் அடியில் உள்ள சங்கன் மெடோ அடுக்கில் ஜெஃபர்சோனியஸ் கிடைக்கும். அதற்கு மேலே ரஷ்மியர் முதலான அடுக்குகளில் மாடிசோனியஸ். சரிவில் பதிந்திருக்கும் ஓட்டை எடுக்கும்போதே அடுக்கைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேலிருந்து சரிந்து கரையில் விழுந்துவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

என் நண்பர் கரையில்தான் பொறுக்கியிருக்கிறார். எந்த ஆறு என்று கேட்டேன். பெரிய ஆறு என்றார். அதனால் அடியில் ஒட்டிய சீட்டில் ‘செசபெக்டன், ஒருவேளை ஜெஃபர்சோனியஸ்; வரிகள் 10, ஓரத்தைச் சேர்த்தால் 12; வலது ஓடு; அடுக்கு தெரியாது’ என்று எழுதி, மின்கட்டண ரசீதுகள் மேல் திரும்ப வைத்துவிட்டேன்.