அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி: புதியவர்கள் செய்யும் தவறுகள்

மயக்க மருந்துப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் எழுதிய அதே வரியைத்தான் இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு வரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

“இரவு 12 மணிக்கு மேல் எதுவும் கூடாது”

இந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. காலை 8 மணி கேஸுக்குத் திட உணவைப் பொறுத்தவரை சரி. பிற்பகல் 2 மணிக்கு வரப்போகிறவருக்கும் அதையே எழுதி, தண்ணீரையும் ஏன் நிறுத்துகிறீர்கள்? முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டால் 4 மணியும் ஆகும். அப்படிக் காத்திருந்த வயதான அம்மா ஒருவர் நாக்கு வறண்டு, தலைவலியோடு தியேட்டருக்கு வந்தார். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. ஒருவழியாக ஏற்றி மயக்க மருந்து கொடுத்ததும் பிரஷர் சடசடவென்று இறங்கியது.

மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். பிரசவத்துக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் விவரித்தது இதைத்தான். பட்டினி அதற்காகத்தான். ஆனால் தண்ணீர் வயிற்றில் தங்குவதில்லை. பாதிக்கு மேல் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதனால்தான் லேசான உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் 8, தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு வெறும் 2 என்று வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தண்ணீர் 1 மணி நேரம் முன்புவரை தரலாம் என்கிறது 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல்.

ஆகவே பிற்பகல் 2 மணி கேஸுக்கு “தண்ணீர் பகல் 12 மணி வரை குடிக்கலாம்” என்று நேரம் போட்டு எழுதுங்கள். ஆபரேஷன் லிஸ்ட் மாறினால் வார்டுக்கு போன் செய்யுங்கள். அந்த ஒரு போனைத்தான் யாரும் செய்வதில்லை.

பால் கலந்த காபி

திரவம் மாதிரி தெரியும், வயிற்றில் திரிந்து கட்டியாகும். 6 மணி நேரம்.

மாத்திரைகள்

பட்டினி என்பதற்காக பீட்டா பிளாக்கரை (பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரை) நிறுத்தாதீர்கள். ஒரு வாய் தண்ணீரில் விழுங்கட்டும். சர்க்கரை மாத்திரை வேறு கதை. எம்பாகுளிஃப்ளோசின் போன்றவற்றை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். முந்தின இரவு கேட்டுப் பயனில்லை.

எல்லோருக்கும் 2 மணி நேரமா?

இல்லை. குடலடைப்பு, பிரசவ வலி, விபத்து: வயிறு சீக்கிரம் காலியாகாது, கடிகாரத்தை நம்பாதீர்கள். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாகுளூடைடு மருந்து போடுகிறவர்களிடமும் உஷார்; அதுவும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

“வெறும் வயிறுதானே?”

இப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைசியாக என்ன, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அப்போதுதான் காலையில் குடித்த அரை டம்ளர் பால் வெளியே வரும்.