மாதம் 500 தோற்றது ஏன்?

வருடத்துக்கு 6,000 ரிங்கிட் சேமிப்பு என்று பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் மார்ச்சுக்குள் பொய்யாகிவிடும். 12ஆல் வகுத்து மாதம் 500 என்று போட்டதுதான் கோளாறு. ஜனவரியில் பள்ளிச் செலவு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி (வீட்டு வரி), பிறகு தீபாவளி. இந்த நான்கு மாதங்களுக்கு 300, மற்ற எட்டுக்கும் 600 என்று மாற்றினேன். கூட்டினால் அதே 6,000. சம்பளம் வங்கியில் ஏறிய அன்றே இந்தத் தொகை தனிக் கணக்குக்குப் போய்விட வேண்டும்.

வீட்டு வேலைப் பட்டியல் வேறு மாதிரி. ‘குளியலறைக் கசிவு’ என்று எழுதினால் டிசம்பர் வரை அப்படியே கிடக்கும். ‘சனிக்கிழமை பிளம்பருக்குப் போன்’ என்றால் நகரும். ஞாயிறு இரவு பத்து நிமிடம் பார்த்தால் போதும். முடிந்ததை அடிக்காமல் பக்கத்தில் தேதி போடுங்கள். அடுத்த கசிவு வரும்போது அந்தத் தேதிதான் தேவைப்படும். செயலிகளா? எனக்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.