பழமும் வினிகரும்: வீட்டிலேயே ஷ்ரப் போடலாம்

வினிகரைப் போய் யாராவது குடிப்பார்களா என்று முகம் சுளிக்கிறீர்களா? நானும் சுளித்தவன்தான். பழச்சாறு, சர்க்கரை, வினிகர் மூன்றையும் கலந்து ஊறவைத்து, நீர் விட்டுக் குடிக்கும் பானம்தான் ஷ்ரப். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் பழத்தின் ருசியைக் கெடாமல் பிடித்துவைக்கக் கண்ட வழி இது. பாரசீகர்களின் செகஞ்சபீன் என்ற பானத்தின் பெயரிலேயே வினிகரும் தேனும் இருக்கின்றன. ஷ்ரப் என்பது ஆங்கிலச் சொல். அதுவும் நம் சர்பத்தும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்த சொற்கள்.

கணக்கு சுலபம்: பழம், சர்க்கரை, வினிகர் மூன்றும் சம பங்கு. முதல் தடவைக்கு 250 கிராம் பழம், 250 கிராம் சர்க்கரை, 250 மில்லி வினிகர் போதும். திராட்சை, பிளம்ஸ், ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி எதுவும் சரி. கனிந்து குழைந்த பழம்தான் இதற்கு அருமை. ஆனால் பூஞ்சை பிடித்தது கூடாது. ஆப்பிள் சைடர் வினிகர் வாங்குங்கள், லேபிளில் 5 சதவீத அமிலம் என்று இருக்கட்டும். செயற்கை வினிகரில் காரநெடிதான் இருக்கும், மணம் இருக்காது.

முதல் நாள்: பழத்தைக் கழுவி, நறுக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மசியுங்கள். சர்க்கரையைக் கலந்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழத்தில் இருக்கும் நீரைச் சர்க்கரை வெளியே இழுக்கும்; சில மணி நேரத்தில் சாறு தேங்கிவிடும். வெளியே வைத்தால் புளித்துப் பொங்க ஆரம்பிக்கலாம்.

இரண்டு நாள் கழித்து வடிகட்டிப் பிழியுங்கள். அடியில் கரையாத சர்க்கரை நிற்கும், அதையும் சுரண்டிப் போடுங்கள், வினிகரில் கரைந்துவிடும். இப்போது வினிகரை ஊற்றுங்கள். புளிப்பான பழம் என்றால் முக்கால் பங்கு ஊற்றி, ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.

வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, பிளாஸ்டிக் மூடி போடுங்கள். உலோகம் வேண்டாம். ஒரு தடவை அவசரத்துக்கு அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றிவைத்தேன். இரும்பை நக்கியதுபோல ஒரு ருசி, அத்தனையும் சாக்கடைக்குப் போனது.

அன்றைக்கே எடுத்துக் குடித்தால் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தது போலிருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜிலேயே ஒரு வாரம் விடுங்கள், தினம் ஒருமுறை குலுக்குங்கள். நெடி அடங்கி, பழத்தின் மணம் மேலே வரும்.

அப்புறம் என்ன, ஒரு டம்ளர் குளிர்ந்த நீரிலோ சோடாவிலோ இரண்டு மேசைக்கரண்டி கலந்து குடியுங்கள். நீர் கலக்காமல் குடிக்காதீர்கள், அமிலம் பல் எனாமலை அரிக்கும். குடித்த கையோடு பல் துலக்குவதும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் தாராளமாக நிற்கும். நுரைத்தாலோ பூஞ்சை தெரிந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பிழிந்த சக்கையைத் தூக்கிப்போடாதீர்கள். பாதி ஜாம்தான் அது, ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம்.