பழைய ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணி அழுக்கானால்

துணியைச் சட்டத்தோடு கழற்றிவிட்டே கை வையுங்கள்; ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஈரம் படக்கூடாது. வேக்குவம் கிளீனர் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, குறைந்த வேகத்தில் தூசியை உறிஞ்சுங்கள். பின்பக்க மடிப்பில் ஈரப்பஞ்சை ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் ஷாம்பு தண்ணீரை அடித்து, நுரையை மட்டும் எடுத்து ஒற்றலாம். தேய்க்க வேண்டாம். வாளியில் முக்கினாலோ பருத்தித் துணி சுருங்கி, ஸ்டேப்பிள் பின் இருக்கும் இடத்திலேயே கிழியும். ஹார்ட்போர்டு சட்டமும் ஊதிவிடும்.

கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய கறுப்பு நெட் துணி போதும். துணிப் பசையைப் பல்குச்சியால் ஓரங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். இழைகளுக்கு நடுவே பரவினால் முன்பக்கம் பளபளக்கும், ட்வீட்டர் (உயர் சுருதி ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) ஒலியும் மங்கும். தொளதொளத்தது செயற்கை இழைத் துணியென்றால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் ஓரளவு இறுகும். பருத்தியென்றால் பின்னைப் பிடுங்கி, இழுத்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.